ஐந்து தவறான முயற்சிகள்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். அடுப்பில் வெந்நீர் வைக்கிறேன். தண்ணீர் சூடாவதற்குள் கதவுப் பூட்டின் பேட்டரியைப் போனில் பார்த்துவிடுகிறேன். இன்று அறுபத்தொரு சதவீதம். குளிக்கிறேன். சோறு வடித்து, தயிர் ஊற்றி, டப்பாவில் அடைக்கிறேன். ஏழேகாலுக்கு வெளியே வந்து கதவைச் சாத்துகிறேன். ஐந்து விநாடி நிற்கிறேன். உள்ளே சின்ன மோட்டார் சுற்றும் சத்தம், பிறகு ஒரு பீப். பூட்டிக்கொண்டது. கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். பைக்கை எடுக்கிறேன்.

என் மனைவி ரஞ்சனி இருந்தபோதும் இதே வரிசைதான். டப்பா மட்டும் இரண்டு.

சனிக்கிழமை காலை பைக்கைத் திருப்பும்போது குழாயடியில் செல்வி நின்றிருந்தாள். எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் மூன்றாவது அவளுடையது. கருப்பம்மாக்கா நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார் என்றாள். எஸ்டேட்டில் வேலை முடிந்துவிட்டது, தேவர்சோலையில் மகள் வீட்டோடு போய்விடுகிறார், இனி இந்தப் பக்கம் வரமாட்டார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சரிங்க என்றேன்.

கருப்பம்மாக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. ரஞ்சனி செத்ததை நேரில் பார்த்த ஒரே ஆள். மூன்று மாதமாக என்னிடம் பேசுவதில்லை. நான் வாசலுக்கு வந்தால் அவர் உள்ளே போய்விடுவார். கோபம் என்று நினைத்தேன். கோபமாக இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். நாளைக் காலைக்குள் கேட்க வேண்டும்.

நான் பூட்டு மாட்டுகிறவன். எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கோத்தகிரியில் ராஜசேகர் அண்ணன் கடையில் வேலை. கேமரா, டிஜிட்டல் பூட்டு, கேட் மோட்டார். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில் ஊரில் இல்லாதவர்களின் வீடுகள் நிறைய. பெங்களூரில் இருந்துகொண்டு இங்கே யார் கதவைத் திறந்தார்கள் என்று போனில் பார்ப்பார்கள். அந்தக் கதவுகளில் முக்கால்வாசி என் கை பட்டவை.

எங்கள் வீட்டில் இருப்பதும் அதே ரகப் பூட்டு. நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அதில் பதிவானது எனக்கு மனப்பாடம். 5.09, கைரேகை பொருந்தவில்லை. 5.09, கைரேகை பொருந்தவில்லை. 5.10, தவறான எண். 5.10, தவறான எண். 5.10, தவறான எண். 5.11, தவறான எண். 5.13, தவறான எண், பூட்டு மூன்று நிமிடம் முடக்கப்பட்டது. 5.16, முடக்கம் நீங்கியது. அதன் பிறகு எதுவும் இல்லை. 5.41, சாவியால் திறக்கப்பட்டது.

5.41 நான். எஸ்டேட் ஜீப்பில் அவளை ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை எடுக்கத்தான் திறந்தேன். ஒரே சுற்றில் திறந்தது.

நான்காவது முயற்சிக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி இருக்கிறது. முதல் நான்கையும் அவள் படபடவென்று அழுத்தியிருக்கிறாள். பிறகு நிறுத்தியிருக்கிறாள். பிறகு ஒரே ஒரு முறை. அந்த ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் அவள் என்ன செய்தாள், யாரிடமாவது ஏதாவது சொன்னாளா என்று பூட்டுக்குத் தெரியாது. கருப்பம்மாக்காவுக்குத் தெரியும்.

இந்தச் சனிக்கிழமை வேலை அரவேணுவுக்கு மேலே ஒரு தங்கும் விடுதி. நடத்துகிறவர் ஆஷ்லி என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஏழு அறைக் கதவுகள், ஒரு வாசல் கதவு. நான் துளை போடும்போதெல்லாம் காபிக் கோப்பையோடு பின்னாலேயே நின்று கேள்வி கேட்டார்.

விதிகளைச் சொன்னேன். எப்போதும் சொல்வதுதான். பிறந்த நாள், வண்டி நம்பர், அடுத்தவருக்குத் தெரிந்த எந்த எண்ணும் கூடாது. வேலையாள் மாறினால் அன்றைக்கே எண்ணை மாற்ற வேண்டும். புது எண்ணை மெசேஜில் அனுப்பக் கூடாது, நேரில் சொல்ல வேண்டும். கதவு சாத்தினால் ஐந்து விநாடியில் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஐந்து முறை தவறாக அழுத்தினால் மூன்று நிமிடம் எதையும் ஏற்காது.

"நானே அழுத்தினாலுமா?"

"ஆமாங்க மேடம்."

"என் வீட்டுக் கதவு, தம்பி. மழையில நான் நின்னுட்டிருந்தா?"

"பூட்டுக்கு ஆள் தெரியாதுங்க. நம்பர் மட்டுந்தான் தெரியும்."

அவர் சிரித்தார். தன் வீட்டுக்காரரும் இதே ஜாதிதான் என்றார். அவசரச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் இதை வீட்டுக்குள்ளேயே டிராயரில் போட்டுவிடுவார்கள், அப்படி வைத்தால் எதற்கும் உதவாது, வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள் என்றேன்.

"உங்க வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

என்கிட்டதான் என்றேன். பைக் சாவியோடு கோத்திருக்கிறது. அன்றும் அப்படித்தான் இருந்தது. பைக் குன்னூரில் இருந்தது.

எங்கள் லைனில் ஆறு வீடுகள். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர். எங்களுடையது கடைசி. என்னுடைய வீடு அல்ல, ரஞ்சனியின் வீடு. அவள் அம்மாவுக்கு வேலை முடிந்தபோது அந்த இடத்தில் இவள் சேர்ந்தாள், வீடும் இவள் பேருக்கு வந்தது. பெற்றோர் திருப்பூரில் அண்ணனிடம் போய்விட்டார்கள். நான் குன்னூர் டவுனில் வளர்ந்தவன். கல்யாணமாகி இங்கே வந்தபோது லைன் முழுக்க என்னை மாப்ள என்று கூப்பிட்டது. இப்போதும் அதுதான் என் பெயர்.

லைனில் ஏழு மணிவரை யாரும் கதவைத் தாழ் போடுவதில்லை. சாத்தி மட்டும் வைப்பார்கள். காரணம் காட்டுமாடு. சாயங்காலம் தேயிலைக்குள்ளிருந்து மேலே ஏறி, குழாயடிக்குத் தண்ணீர் குடிக்க வரும். பெரும்பாலும் பேசாமல் வந்து பேசாமல் போய்விடும். எப்போதாவது ஒன்று மிரளும். யாராவது மாடு என்று குரல் கொடுத்தால் எந்தக் கதவு பக்கமோ அந்தக் கதவுக்குள் போய்விட வேண்டும். யார் வீடு என்ற கேள்வி இல்லை. கல்யாணமான முதல் வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் திடீரென்று நான்கு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி என் தட்டைப் பார்த்து, இதுக்கு ரசம் ஊத்தலையா என்று கேட்டாள். மாடு போனதும் போய்விட்டார்கள்.

ரஞ்சனிக்கு அது வேடிக்கை. எனக்கு ரோட்டில் குடியிருப்பது போல இருந்தது. சர்க்கரை எடுக்க வருவார்கள். போன் சார்ஜ் போட வருவார்கள். நான் வேட்டி மாற்றும்போது வருவார்கள். போன வருஷம் ஜூலையில் ராஜசேகர் அண்ணன் பெட்டி உடைந்து வந்த ஒரு பூட்டை எனக்குக் கொடுத்தார். பழைய பலகைக் கதவு அதைத் தாங்காது. புதுக் கதவே போட்டேன்.

லைனே வேடிக்கை பார்த்தது. செல்வி, "ஏனுங்க மாப்ள, உள்ள பேங்கா நடத்தறீங்க?" என்றாள். கருப்பம்மாக்கா பூட்டில் விரலை வைத்து, அது திட்டுவதுபோல இரண்டு முறை கத்தியதும், பாரு, என் மாமியா மாதிரியே இருக்குது என்றார்.

ரஞ்சனியின் விரலையும் அது ஏற்கவில்லை. ஆறு வருஷம் இலை பறித்த கை. ரேகை தேய்ந்து கறை ஏறியிருக்கும். ரேஷன் கடை மெஷினிலும் விழாது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். இடது மோதிர விரல் மட்டும், அதுவும் வெயில் நாளில், நான்கில் ஒரு தடவை எடுத்தது. அவளுக்கு எண்தான்.

அவள் கேட்ட எண் 0318. எஸ்டேட் பதிவேட்டில் அவள் நம்பர் முன்னூற்றுப் பதினெட்டு. இலை எடை போடும் இடத்தில் பெயர் சொல்ல மாட்டார்கள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கே தெரிந்த எண்ணை வைக்கிறாயே என்றேன். வேற எதுவும் எனக்கு நிக்காதுங்க என்றாள். விட்டுவிட்டேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாளே கருப்பம்மாக்கா திறந்துவிட்டார். மழை வந்தபோது எங்கள் துணிகளை எடுத்து உள்ளே போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். ரஞ்சனிக்குச் சந்தோஷம். நான் ரஞ்சனியிடம் சாவியையும் கொடுக்கவில்லை. அவசரச் சாவியைக் கருப்பம்மாக்காவிடம் கொடுத்து வைக்கலாமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். பிறகு பூட்டு எதற்கு என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை மாலை, குழாயடியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் குடம் வைக்கப் போனேன். கருப்பம்மாக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சைபர் மூணு ஒண்ணு எட்டு. சரிதானுங்க மாப்ள? இத்தன படிச்சு இந்த நம்பர வெக்கறதுக்கா அவ்ளோ பெரிய பூட்டு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரஞ்சனியும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள். ஏழு இருபதுக்கு நான் வாசலில் நின்று எண்ணை மாற்றினேன். அவளுக்கு மெசேஜ் அனுப்பவில்லை. மெசேஜில் அனுப்பக் கூடாது என்பது விதி. போலீஸ்காரரிடமும் அவள் அண்ணனிடமும் அதைத்தான் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். சாயங்காலம் நேரில் சொல்லலாம் என்று இருந்தேன் என்றேன்.

அது பாதி. மீதியை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் வெளியே நிற்கட்டும் என்று நினைத்தேன். பத்து நிமிடம், கால் மணி நேரம். நான் வந்து திறக்கும்வரை நிற்கட்டும். குழாயடியில் சிரித்ததற்கு அது போதும் என்று நினைத்தேன்.

குன்னூரில் ஒரு கேட் மோட்டார் சரியாக வரவில்லை. நாற்பது நிமிடம் தாமதம். மழை நாளில் அவள் போனை எடுத்துப்போக மாட்டாள். அது வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது.

வீட்டின் கடைசிச் சுவர் மூலையிலிருந்து மாடு திரும்பியது என்றார்கள். மூடுபனி. இரண்டு கை தூரத்தில்தான் அவள் அதைப் பார்த்திருப்பாள். நாய் குரைத்ததில் மிரண்டிருக்கலாம் என்று வனத்துறைக்காரர் எழுதிக்கொண்டார். பக்கத்துக் கதவு எட்டடி. அது திறந்துதான் கிடந்தது.

கடைசியா அம்மான்னு ஒரு சத்தம், அவ்ளோதான் என்று கருப்பம்மாக்கா எல்லாரிடமும் சொன்னார். சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் அதே வாக்கியம். அவள் அண்ணன் அதைக் கேட்டு அழுதான். நான் அதை நம்பவில்லை. அம்மா என்று சொல்ல ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆகாது.

சனிக்கிழமை மாலை திரும்பியபோது கருப்பம்மாக்கா வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அரிசி மூட்டை, கட்டில் எல்லாம் ஒரு பிக்கப் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வெந்நீர் வைத்தேன். பேட்டரி அறுபத்தொன்று. ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். மூன்று மாதமாக யாரும் தட்டியதில்லை. திறந்தேன்.

கருப்பம்மாக்கா நின்றிருந்தார். நல்ல புடவை, மேலே ஸ்வெட்டர், தலையில் துண்டு. காலடியில் ஒரு பை, ஒரு குக்கர். பூட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு தன் வீட்டுச் சாவியை நீட்டினார். சாதாரண இரும்புச் சாவி, சிவப்பு நூல் கட்டியது.

"நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துருங்க மாப்ள. பக்கத்தூட்டுலதான குடுத்துட்டுப் போகோணும்."

வாங்கிக்கொண்டேன். அவர் குனிந்து பையை எடுத்தார். எட்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அரவேணுவில் நானே பைக்கில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பை ஒரு கையிலும் குக்கர் ஒரு கையிலுமாகத் திரும்பினார்.

"அக்கா, அவ என்ன சொன்னா?"

"அதான் சொன்னனே மாப்ள. அம்மான்னு."

"அதுக்கு முன்னால."

போனை எடுத்துப் பதிவைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். நான்காவது இது, ஐந்தாவது இது, நடுவில் இவ்வளவு நேரம் என்றேன். அந்த நேரத்தில் நீங்கள் வாசலில் இருந்தீர்கள் என்றேன். அவர் குக்கரைக் கீழே வைத்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்றைக்கு முழங்கால் வலி என்று அரை நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தார். பூட்டு கத்துகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ரஞ்சனி நனைந்துபோய் நின்று அழுத்திக்கொண்டிருந்தாள். இங்க வந்து உக்காரு கண்ணு, மாப்ள வந்து தொறக்கட்டும் என்று கூப்பிட்டார். அவள் வரவில்லை. சிரித்தாள். விரலை மடக்கி மடக்கி ஏதேதோ எண்களை எண்ணிப் பார்த்தாள். அவர் மறுபடியும் கூப்பிட்டார். அடுப்பில் பால் வைத்திருந்ததால் ஒரு நிமிடம் உள்ளே போனார். வெளியே வந்தபோது மாடு நின்றது.

"நாந்தா குழாயடியில வாய உட்டேன். அதுலதா நீங்க நம்பர மாத்துனீங்க. எனக்குத் தெரியும் மாப்ள. உங்க மூஞ்சில முழிக்க முடியல."

கோபம் இல்லை. மூன்று மாதமும் கோபம் இல்லை.

"மாத்துனது நாந்தான். அவகிட்டச் சொல்லல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் முறை.

"சொல்லலையா?"

"இல்லை."

"காத்தால சொல்லிட்டுப் போகலையா?"

"இல்லைங்க. வேணும்னுதான் சொல்லல."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாய்க்கு மேல் வைத்து அழுத்திக்கொண்டார். கீழே வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவருடைய பஸ்ஸா என்று தெரியவில்லை. அவரும் பார்க்கவில்லை. எழுந்து பையை எடுக்கப் பார்த்தார். நான் பையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் மாப்ள. அது உங்களுக்கு வேண்டாம். அம்மான்னுதா சொன்னா. அப்புடியே வெச்சுக்கங்க."

விடவில்லை. அவர் இழுத்தார், நான் விடவில்லை. கடைசியில் அவர் கை தளர்ந்தது. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் கதவைப் பார்த்து, பூட்டு இருக்கும் இடத்தைப் பார்த்து, ரஞ்சனி சொன்ன மாதிரியே சொன்னார். அவளுடைய குரலின் இழுவை அதில் இருந்தது. சொல்லிவிட்டுத்தான் ஐந்தாவது முறை அழுத்தினாளாம்.

"இருங்கக்கா, அவரு சொல்லித்தா இருப்பாரு. நாந்தா காதுல வாங்காம உட்டுட்டேன்."